பிரதமருக்குப் பத்திரிகை வாசித்தவன்

தம்பி, அந்தப் பேப்பரை மடிச்சிடாதீங்க. கீழ போட்டிருக்கான் பாருங்க, ஏதோ ஒரு நாட்டுத் தலைவர் வெளிநாட்டுக்காரன் பேச்சைக் கேட்டுத்தான் கொள்கையையே மாத்திட்டார்னு. எட்டிப் பார்த்துட்டேன், தப்பா நினைக்காதீங்க. காரைக்கால்ல பஸ் ஏறினதுலேருந்து நீங்க அந்தச் சேதியைத்தான் ரெண்டு தடவை படிச்சீங்க.

இந்த மாதிரி சேதியை எல்லாம் அப்படியே நம்பிடாதீங்க. பொய்யின்னு சொல்லல. எழுதுறவனுக்கு உள்ள நடக்கிறது தெரியாது, அவ்வளவுதான். எனக்குத் தெரியும். நான் ஒரு பிரதமர் பக்கத்துல பன்னெண்டு வருஷம் இருந்தவன்.

சிரிக்கிறீங்க. பரவாயில்லை, என் பொண்டாட்டி உயிரோட இருந்தப்ப அவளும் சிரிப்பா. என் பேரு தைரியநாதன். கோட்டுச்சேரிப் பக்கம். நான் வேலை பார்த்தது மொர்லேன்னு ஒரு தீவுல. உலகப் படத்துல தேடினா ஈ எச்சம் மாதிரி ஒரு புள்ளி இருக்கும், சின்னப் படத்துல அதுவும் இருக்காது. கரும்பு வெட்டப் போன நம்ம ஆளுங்களோட பேரப் பிள்ளைங்க பாதிப் பேரு அங்க. தமிழ்ப் பேரு இருக்கும், தமிழ் இருக்காது. எல்லாம் பிரெஞ்சுதான். எனக்குப் பிரெஞ்சும் தமிழும் தெரியும்னு பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியாரா எடுத்தாங்க. இருபத்தொன்பது வயசுல போனேன்.

பிரதமர் பேரு லியோன் காத்தபெருமாள். நாங்க ஐயான்னுதான் சொல்லுவோம். தைப்பூசத்துக்குத் தமிழ்ல நாலு வார்த்தை பேசணும்னு ஆசைப்பட்டார். நான் பிரெஞ்சு எழுத்துல தமிழை எழுதிக் கொடுத்தேன். பேசினார், ஜனம் அழுதுச்சு. மறுநாள் கார் வந்துச்சு என் வீட்டுக்கு. அப்படித்தான் உள்ள போனேன், சிபாரிசு எதுவும் இல்ல. இதை ஏன் சொல்றேன்னா, பின்னாடி எழுதினாங்க, என்னை யாரோ திட்டம் போட்டு உள்ள அனுப்பினாங்கன்னு. யாரும் அனுப்பல. முருகன்தான் அனுப்பினான், நான் வேதக்காரனா இருந்தாலும் சொல்றேன்.

நல்ல மனுஷன் தம்பி. கல்யாணம் பண்ணிக்கல. ஒரு அக்கா, அவ்வளவுதான் குடும்பம். காசு பணம்னு கை நீட்ட மாட்டார். அந்தத் தீவுக்குத் தெக்க ஒரு துறைமுகம் இருக்கு, சலின்னு பேரு. ஆழமான தண்ணி. முந்நூறு மீன்காரக் குடும்பம். அந்தத் துறைமுகத்தைப் போர்க்கப்பல் நிறுத்தக் கொடுங்கன்னு ஒரு பெரிய நாடு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எந்த நாடுன்னு கேக்காதீங்க. என் மக இப்ப அந்த நாட்டுப் பிரஜை, நானும் அங்கதான் போறேன், மீனம்பாக்கத்துல நாளைக்கு விமானம். பெரிய நாடுன்னே வச்சுக்குவோம். ஐயா ஒவ்வொரு கூட்டத்துலயும் சொல்லுவார்: "சலின் தண்ணியில நம்ம தோணி மட்டும்தான் மிதக்கும்." பதினோரு வருஷம் அதையே சொன்னார். பன்னெண்டாவது வருஷம் கையெழுத்துப் போட்டுட்டார். தொண்ணூத்தொம்பது வருஷக் குத்தகை.

ஏன் மாறினார்? அதைத்தான் உலகம் பூரா கேட்டாங்க. மிரட்டினாங்களா, மருந்து கொடுத்தாங்களா, பொம்பளையா, எல்லாம் எழுதினாங்க. ஒண்ணும் கிடையாது. கூடவே இருந்தவன் நான் சொல்றேன்.

ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் தெரியாது. இப்ப சொன்னா என்ன, எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க. பதவியில இருந்த கடைசி நாலு வருஷம் ஐயாவுக்குக் கண்ணு தெரியாது.

ஆமா தம்பி. சர்க்கரை. முதல்ல எழுத்து மங்கலாச்சு, அப்புறம் முகம், அப்புறம் வெளிச்சம் மட்டும். மூணு பேருக்குத்தான் தெரியும்: அவரோட அக்கா, டாக்டர், நான். வெளிய தெரிஞ்சா மறுநாளே இறக்கிடுவாங்க. அதனால நடக்கிறப்ப நான் ஒரு கையில ஃபைலை வச்சுக்கிட்டு அரை அடி முன்னாடி போவேன், அவர் விரல் என் முழங்கையில இருக்கும். பேசறதை மனப்பாடமாப் பேசுவார். கையெழுத்துப் போடுற இடத்துல என் விரலை வைப்பேன், அவர் தடவிப் பார்த்துப் போடுவார். குத்தகையில கையெழுத்துப் போட்ட படம் இருக்கு. உத்துப் பார்த்தா காகிதத்து ஓரத்துல ஒரு சுண்டு விரல் தெரியும். அது நான்தான்.

மந்திரிகளைப் பார்க்கிறதைக் குறைச்சுட்டார். கண்டுபிடிச்சிடுவாங்களோன்னு பயம். கட்சிக்காரங்க வந்தா ஜுரம்னு சொல்லச் சொல்லுவார். ஆக, காலையில ஏழு மணிக்கு நான் போய்ப் படிச்சுக் காட்டுறதுதான் அவருக்கு உலகம். உள்ளூர்ப் பத்திரிகை மூணு, வெளிநாட்டுப் பத்திரிகை நாலஞ்சு, அமைச்சகத்துக் குறிப்புங்க. எல்லாத்தையும் படிக்க முடியுமா? "முக்கியமானதை மட்டும் படி, தைரியம்"ம்பார். எது முக்கியம்னு நான்தானே பாக்கணும். லேசான வேலை இல்ல. நாலு மணிக்கே எழுந்து பிரிச்சு வைக்கணும்.

அப்பத்தான் விக்டர் பழக்கமானார். பெரிய நாட்டுத் தூதரகத்துல கலாச்சார அதிகாரி. உடனே முகத்தைச் சுளிக்காதீங்க, கேளுங்க. படிச்ச மனுஷன். நூலகத்துல வச்சுத்தான் பழக்கம். நான் தமிழ் இலக்கணத்தைப் பிரெஞ்சுல எழுதிக்கிட்டிருந்தேன். அந்தத் தீவுல அதைப் பத்திக் கேட்ட ஒரே ஆளு அவருதான். வேற்றுமை எட்டையும் வரிசையாச் சொல்லுவார் தம்பி, வெள்ளைக்காரன்! என் பொண்டாட்டி கூட அதைக் கேட்டதில்ல. சனிக்கிழமை சனிக்கிழமை பேசிக்கிட்டு இருப்போம். ஐயாவைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்ல. கண்ணு விஷயத்தை நானும் சொன்னதில்ல. தெரிஞ்சிருக்குமோ என்னமோ. ஒரு நாள் சொன்னார், "உங்க கண்ணு சிவந்து கிடக்கு. வெளிநாட்டுச் சேதிகளை நாங்க எங்க தூதருக்காகத் தினமும் ஒரே தாள்ல சுருக்கி அடிக்கிறோம். ஒரு நகல் உங்களுக்கும் தரேன், உங்க பாரம் குறையும்."

அது ஒரு உதவி. ஒரு காசு வாங்கினதில்ல. ஒரு காசு. ஒரு புட்டி சாராயம் கூட வாங்கினதில்ல. அந்த வருஷம் என் மக ஆக்னெசுக்கு அவங்க நாட்டுப் பல்கலைக்கழகத்துல இடம் கிடைச்சது, படிப்புச் செலவு பூரா இலவசம். அது அவ மார்க்குக்குக் கிடைச்சது. கணக்குல தொண்ணூத்தாறு.

அந்தத் தாள் அவ்வளவு சுத்தமா இருக்கும். நல்ல பிரெஞ்சு. படிச்சா நாக்குல தடுக்காது. அதைப் படிக்க ஆரம்பிச்சேன். மத்ததெல்லாம் தானாக் குறைஞ்சிடுச்சு.

பிப்ரவரியில புயல் அடிச்சுது. வானொலிக் கோபுரமே சாஞ்சு போச்சு, மூணு வாரம் ரேடியோ கிடையாது. சாவு நாப்பது. ரெண்டாம் நாளே பக்கத்து நாட்டுக் கப்பல் ஒண்ணு தண்ணியும் டாக்டருங்களும் கொண்டுவந்துச்சு. அஞ்சாம் நாள் பெரிய நாட்டுக் கப்பல் வந்துச்சு, அரிசி, தகரம், கூடவே ஒரு பேண்டு வாத்தியம். அன்னிக்கி விக்டர் தந்த தாள்ல அஞ்சாம் நாள் கப்பலைப் பத்தி விரிவா இருந்துச்சு. அதைப் படிச்சேன்.

ஐயா கேட்டார், "பக்கத்து நாட்டுக்காரன் என்ன பண்ணினான்?"

"அவங்களும் ஏதோ அனுப்பினாங்க ஐயா."

"ஏதோன்னா?"

"பத்திரிகையில விவரம் பெருசா இல்ல."

பொய் சொன்னேனா? சொல்லலையே. அனுப்பினாங்கன்னு சொன்னேன்ல? உள்ளூர்ப் பேப்பர்ல மூணாம் பக்கத்துல இருந்துச்சு, மை ஊறிப் போய்ப் படிக்கிற மாதிரியே இல்ல.

அப்புறம் ஐயா சொன்னார், "நான் இவங்களைப் பத்தித் தப்பா நினைச்சுட்டேன் போல, தைரியம்." அது அவரா எடுத்த முடிவு தம்பி. நான் ஒண்ணும் சொல்லல.

வெளியுறவு அமைச்சகத்துல மரியான்னு ஒரு அம்மா இருந்தாங்க. மரியான் செங்கேணி. அம்பது வயசு, புருஷன் இல்ல. கூர்மையான பொம்பளை. கூர்மைன்னா பக்கத்துல நின்னாலே கீறும். என்னை ஒருநாள் தாழ்வாரத்துல நிறுத்திக் கேட்டாங்க, "மிஸ்டர் தைரியநாதன், நீங்க இங்க என்ன வேலை பாக்குறீங்க? வாத்தியாரா, எடுபிடியா, பிரதமரா?" நாலு குமாஸ்தா பாக்க. நான் அதை மனசுல வச்சுக்கல. இன்னிக்கும் நல்லா ஞாபகம் இருக்கு, ஆனா மனசுல வச்சுக்கல.

குத்தகை வேண்டாம்னு அந்தம்மா ஒரு குறிப்பு எழுதினாங்க. பதினாலு பக்கம். ஐயா மட்டும் பாக்கணும்னு முத்திரை வச்சு வந்துச்சு. முந்நூறு குடும்பம் எங்க போகும், மீன் என்னாகும், தொண்ணூத்தொம்பது வருஷத்துக்கப்புறம் அவன் போகலேன்னா யாரு போகச் சொல்றது, ஒப்பந்தத்துல பதினேழாம் பிரிவுல எப்படி நம்ம நீதிமன்றத்துக்கே அதிகாரம் இல்லாமப் போகுது... நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. நான் முழுசும் படிச்சேன். எனக்காகப் படிச்சேன்.

ஐயாவுக்கு அன்னிக்குச் சர்க்கரை இறங்கி உடம்பு நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. "என்ன எழுதியிருக்கா?"ன்னார்.

"குத்தகை வேண்டாம்ங்கிறாங்க ஐயா. மீன்காரங்களுக்குக் கஷ்டம்ங்கிறாங்க. பெரிய நாட்டுக்காரங்க மேல அவங்களுக்கு நம்பிக்கை இல்ல."

"அவ்வளவுதானா?"

"சாரம் அவ்வளவுதான்."

"அவ முட்டாள் இல்லையே. ஏன் இப்படி நிக்கிறா?"

"தனிப்பட்ட காரணம் இருக்குமோ என்னமோ" அப்படின்னேன். நினைச்சதைச் சொன்னேன். கேட்டா சொல்லணும்ல?

ஏப்ரல்ல எதிர்க்கட்சிப் பத்திரிகை கொட்டை எழுத்துல போட்டான்: பிரதமர் காதில் ஓதும் அந்நியக் குரல் எது? ஊரே பத்திக்கிச்சு. அதை மட்டும் நான் வரிக்கு வரி படிச்சேன், மறைக்கல. ஐயா நாற்காலியை விட்டு எழுந்துட்டார். "என் ஆபீசுல அந்நியன் ஆளு இருந்தா எனக்குத் தெரியணும்." ஒரு நீதிபதியைப் போட்டு விசாரணை வச்சார். ரகசிய விசாரணை.

என்னையும் கூப்பிட்டாங்க. சத்தியம் வாங்கினாங்க. வேதப் புத்தகத்து மேல கை வச்சவன், பொய் சொல்ல முடியுமா? நீதிபதி கேட்டார், "மரியான் செங்கேணி வெளிநாட்டுக்காரங்க வீட்டுக்குப் போறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். புதன்கிழமை புதன்கிழமை பக்கத்து நாட்டுத் தூதர் வீட்டுக்குப் போவாங்க."

"கண்ணால பார்த்தீங்களா?"

"பார்த்தேன். எங்க வீடு எதிர்த் தெரு."

"எவ்வளவு நேரம் இருப்பாங்க?"

"ரெண்டு மணி நேரம்."

அவ்வளவுதான் நான் சொன்னது. அத்தனையும் நிஜம். அந்தத் தூதரோட சம்சாரம் காது கேக்காத பிள்ளைங்களுக்கு வீட்லயே பள்ளிக்கூடம் நடத்தினாங்க. மரியானோட மகளுக்குக் காது கேக்காது. லிசெத்னு பேரு, பன்னெண்டு வயசு. அதைக் கொண்டுபோய் விட்டுட்டு, பாடம் முடியற வரைக்கும் அந்தம்மா வாசல்ல உக்காந்து ஏதாவது ஃபைல் படிச்சுக்கிட்டு இருப்பாங்க. அது எனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். ஆனா எதுக்குப் போவாங்கன்னு நீதிபதி கேக்கல தம்பி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்காததைச் சொல்ல நான் யாரு?

ஐயா என்னைத் தனியாக் கேட்டார். "நீ உன் கண்ணால பார்த்தியா, தைரியம்?"

"பார்த்தேன் ஐயா."

"உன் கண்ணுதானே என் கண்ணு" அப்படின்னார். அதுக்கப்புறம் மரியானைப் பத்திப் பேசவே இல்ல.

அந்தம்மாவுக்கு ஏழு வருஷம் ஜெயில் போட்டாங்க. வாசல்ல உக்காந்து படிச்ச ஃபைலு இருக்கே, அதையே சாட்சியாக்கிட்டாங்க, வெளிநாட்டுக்காரன் வீட்டுக்கு ரகசியத்தைக் கொண்டு போனாங்கன்னு. லிசெத்தை மடத்துல சேத்தாங்க. ஒருநாள் சந்தையில மீன் வாங்கிக்கிட்டு இருக்கேன், கன்னியாஸ்திரீங்களோட வந்த அந்தப் பொண்ணு நேரா என் முன்னாடி வந்து நின்னுச்சு. உதட்டைப் பார்த்தே பேசறதைப் புரிஞ்சுக்கும் அது. என் வாயையே பார்த்துக்கிட்டு நிக்குது. என்ன பேசறது? நான் எதுவும் பேசல. கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு, போயிடுச்சு. அன்னிக்கு வாங்கின மீனைச் சமைக்கல, ஏனோ வேண்டாம்னு தோணுச்சு.

ஜூன்ல குத்தகையில கையெழுத்தாச்சு. ஆகஸ்ட்ல சலின் காலி. மலை மேல தகர வீடு கட்டிக் கொடுத்தாங்க, புயலுக்குக் கொண்டு வந்த அதே தகரம். அங்கேருந்து பார்த்தா கடல் தெரியாது. மீன்காரங்க தோணியைத் தூக்கிக்கிட்டு மலை ஏறினாங்க தம்பி. வீட்டு வாசல்ல கவுத்துப் போட்டு வச்சிருந்தாங்க. முதல் வருஷத்துலயே தூக்கு மாட்டிக்கிட்டவங்க ஆறு பேர். அதுவும் மூணாம் பக்கத்துல வந்துச்சு. படிச்சுக் காட்டலாம்னுதான் எடுத்து வச்சேன். டாக்டர், ஐயாவை எதுக்கும் வருத்தப்பட விடக்கூடாதுன்னு சொல்லியிருந்தார்.

அடுத்த தேர்தல்ல ஐயா தோத்தார். மரியான் ஜெயில்ல ரெண்டு வருஷம் முடிஞ்சு மூணாம் வருஷம் மஞ்சக் காமாலையில போயிட்டாங்க. ஐயாவோட அக்காவும் போயாச்சு, டாக்டரும் போயாச்சு. புது அரசாங்கம் குத்தகையைப் பத்திப் புதுசா ஒரு விசாரணை வச்சுது, இந்தத் தடவை எல்லாரும் பாக்க. பழைய தஸ்தாவேஜை எல்லாம் பேப்பர்ல வெளியிட்டாங்க. விசாரணைக்கு முந்தின வாரம் ஐயா ஆள் அனுப்பினார், என்னை வரச் சொல்லி.

போனேன். இளைச்சுப் போய்க் கிடந்தார். வாடகை வீடு. பக்கத்து வீட்டுப் பொம்பளை சோறு கொண்டாந்து வச்சுட்டுப் போவா.

"தைரியம், மரியானோட குறிப்பு பதினாலு பக்கமாமே" அப்படின்னார். "இந்தச் சோறு போடுற பொண்ணு பேப்பர்ல வந்ததை நேத்து எனக்குப் படிச்சுக் காட்டிச்சு. ரெண்டு மணி நேரம் ஆச்சு. அதுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். ஆனா ஒரு வரி விடல."

நான் உக்கார நாற்காலியைத் தேடினேன்.

"நீ எனக்கு மூணு வரி சொன்னே."

"சாரம் அதுதானே ஐயா" அப்படின்னேன்.

கையை நீட்டினார். கிட்ட போனேன். என் முகத்தைத் தடவினார், நெத்தி, கண்ணு, மூக்கு. வாய்க்கிட்ட வந்ததும் கையை எடுத்துட்டார். "அந்தப் பொண்ணு என்ன ஆனா, காது கேக்காதது?"ன்னு கேட்டார். மடத்துல இருக்குன்னேன். "தெரியுமா உனக்கு, அவளுக்காகத்தான் மரியான் அங்க போனாள்னு?"

"தெரியும் ஐயா. என்னை யாரும் கேக்கலையே."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். நான் கிளம்பறேன்னு சொன்னேன். கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்.

விசாரணை அன்னிக்குக் கூட்டம் தாங்கல. சலின் ஆளுங்க மலையிலேருந்து லாரியில வந்து இறங்கியிருந்தாங்க. நான் மூணாவது வரிசையில இருந்தேன். ஐயாவைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சாங்க. நீதிபதி பொம்பளை, சின்ன வயசு. மரியாதையாத்தான் கேட்டாங்க.

"உங்களுக்குப் பார்வை போனது எப்ப?"

"பதவி போனப்புறம்."

"அப்ப செங்கேணி அம்மாவோட குறிப்பு வந்தப்ப உங்களுக்குப் பார்வை இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு."

"படிச்சீங்களா?"

"பதினாலு பக்கமும் படிச்சேன். நானே படிச்சேன்."

"யாராவது உங்களுக்குச் சுருக்கிச் சொன்னாங்களா? உங்க நினைப்பை மாத்த வெளியிலேருந்து யாராவது..."

"யாரும் இல்ல. என் புத்தியில நானே செஞ்சது. முந்நூறு குடும்பத்தையும் அந்தம்மாவையும் அழிச்சவன் நான் ஒருத்தன்தான். எழுதிக்கங்க."

பின்னாலேருந்து ஒரு செருப்பு வந்துச்சு. அவர் தோள்ல பட்டுது. எங்கேருந்து வருதுன்னு தெரியாம தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். ரெண்டாவதும் வந்துச்சு. போலீஸ்காரன் தடுக்கல. சலின் பொம்பளைங்க காறித் துப்பினாங்க.

எதுக்கு அப்படிச் சொன்னார்? ரொம்ப நாள் யோசிச்சேன். வறட்டுக் கௌரவம்தான். கண்ணு தெரியாதவன் நாட்டை ஆண்டான்னு ஆயிடக் கூடாதுல்ல? வேற என்ன இருக்க முடியும்? என்னைக் காப்பாத்தன்னு நினைக்கிறீங்களா? என்னைக் காப்பாத்த என்ன இருக்கு, நான் என்ன பண்ணினேன்?

இருங்க தம்பி, எங்க எழுந்திரிக்கிறீங்க? கடலூர் வரப் போகுதா? சென்னைக்குத்தானே டிக்கெட்டு எடுத்தீங்க, நான் பார்த்தேனே.

அட, முன்னாடி சீட்டுக்கா போறீங்க? அங்க வெயில் அடிக்கும் தம்பி.